மண்டு எலியும் கெட்டிக்கார எலியும்



முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையைப் பதிய வரும் தாய்மார்களில் சிலர், பிறப்புப் பத்திரத்தை மேசைமீது வைக்கும்போதே ஒரு வார்த்தையையும் சேர்த்து வைத்துவிடுவார்கள். "சார், இவன் அக்காளைப் போல இல்லை. கொஞ்சம் மண்டு. பார்த்துக்கொள்ளுங்கள்." பிள்ளை அருகிலேயே நின்றுகொண்டிருக்கும். அதற்கும் காது உண்டல்லவா? அம்மா சொன்னதை அது கேட்கும். நான் மறுத்துப் பேசுகிறேனா என்று என் முகத்தையும் பார்க்கும்.

மண்டு, மக்கு, மண்டையில் களிமண் என்று நம் தோட்டப்புறத்தில் இதற்குச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. இச்சொற்களுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான். மூளை என்பது பிறக்கும்போதே அளந்து கொடுக்கப்பட்டது. பிறகு கூடாது, மாறாது என்பதே அது. இதனைப் படிப்பறியாதவர் நம்பிக்கை என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்புவரை பெரிய பல்கலைக்கழகங்களில் இருந்த அறிஞர்களில் பெரும்பாலோரும் இப்படித்தான் நம்பினார்கள். அந்த நம்பிக்கை எவ்வாறு ஆட்டம் கண்டது, அதனையொட்டி நம் பிள்ளைகளின் அறிவியல் பாடப்பொருள்கள் எவ்வாறு மாறத் தொடங்கின என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கதை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பெர்க்லி என்னும் ஊரிலுள்ள பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. 1920களின் பிற்பகுதியில் அங்கு ராபர்ட் டிரையன் என்ற உளவியல் அறிஞர் எலிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார். பல கிளைகளாகப் பிரியும் சந்து பொந்துகள் கொண்ட ஒரு புதிர்ப்பாதையில் எலிகளை விடுவார். முடிவில் உணவு இருக்கும். தவறான சந்தில் எத்தனை முறை நுழைந்தது என்று கணக்கெடுப்பார். குறைவாகத் தவறு செய்த எலிகளை அவற்றோடும், அதிகமாகத் தவறு செய்தவற்றை அவற்றோடும் இணைசேர்த்துக் குட்டி ஈனச் செய்தார். இப்படியே தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்ததில் ஏழாம் தலைமுறை அளவில் இரண்டு கூட்டங்களும் நன்றாகப் பிரிந்துவிட்டன. ஒரு கூட்டத்துக்குப் புதிர்ப்பாதைக் கெட்டிக்காரர்கள் என்றும், மற்றதற்குப் புதிர்ப்பாதை மண்டுகள் என்றும் பெயர் வைத்தார்கள். 1940-ல் இம்முடிவுகள் வெளிவந்தன. அறிவு இரத்தத்தில் வருவது, அதற்கு எலியே சாட்சி என்று பலர் இதனை எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் 1949-ல் சியர்ல் என்பவர் அதே எலிகளை வேறு வகைப் புதிர்ப்பாதைகளில் விட்டுப் பார்த்தார். அங்கெல்லாம் கெட்டிக்கார எலிகள் எப்போதும் முந்தவில்லை. சில பாதைகளில் மண்டு எலிகள் சமமாகவோ மேலாகவோ ஓடின. மண்டு எலிகளுக்குச் சோதனைக் கருவியின்மீதே அதிக அச்சம் இருந்ததும் தெரிந்தது. ஒரே ஒரு பாதையில் ஓடியதை வைத்துக் கொடுத்த பட்டம், அந்த ஒரு பாதைக்குத்தான் பொருந்தியது. பரீட்சைத் தாளைக் கண்டாலே கை நடுங்கும் பிள்ளைகளை வகுப்பில் பார்க்கிற எனக்கு, அந்த எலிகளின் அச்சம் நன்றாகவே புரிகிறது.

அடுத்து வந்த ஆய்வு இன்னும் அழுத்தமானது. கனடா நாட்டின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் கூப்பர், சூபெக் என்ற இருவர் 1958-ல் இதன் முடிவை வெளியிட்டார்கள். தாயிடமிருந்து பிரித்த கெட்டிக்கார எலிக்குட்டிகளையும் மண்டு எலிக்குட்டிகளையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றை, சாய்தளம், சுரங்கம், ஊஞ்சல், கோலிக்குண்டு, மணி என்று விளையாட்டுப் பொருள்கள் நிறைந்த கூண்டில் வளர்த்தார்கள். வேறு சிலவற்றை, உணவுப் பெட்டியும் தண்ணீர் டின்னும் தவிர வேறொன்றும் இல்லாத கூண்டில், சாம்பல்நிறச் சுவரைப் பார்த்தபடி வளர்த்தார்கள். நாற்பது நாள் கழித்து எல்லாவற்றையும் ஒரே சோதனையில் விட்டார்கள்.

எண்களைச் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். சாதாரணக் கூண்டில் வளர்ந்தபோது கெட்டிக்கார எலிகள் சராசரியாக 117 தவறுகளும், மண்டு எலிகள் 164 தவறுகளும் செய்தன. வெறுங்கூண்டில் வளர்ந்தபோது இரண்டு கூட்டமும் ஏறத்தாழ 170 தவறுகள் செய்தன. அதாவது, கெட்டிக்கார எலியின் கெட்டிக்காரத்தனம் காணாமற் போய்விட்டது. பொருள் நிறைந்த கூண்டில் வளர்ந்தபோதோ கெட்டிக்கார எலிகளுக்கு 111, மண்டு எலிகளுக்கு 120. மண்டு எலி, கெட்டிக்கார எலியின் தோளுக்கு வந்துவிட்டது. எலிகளின் எண்ணிக்கை குறைவே; எலி பிள்ளையுமன்று. அதனை மறக்கக் கூடாது. ஆயினும் இரத்தத்தில் வந்ததென்று முத்திரை குத்தப்பட்ட ஒன்றை, கூண்டை மாற்றியதே மாற்றிவிட்டது.

இனி ஆசிரியர்களாகிய எங்களைச் சுடும் பகுதிக்கு வருகிறேன். ராபர்ட் ரோசெந்தால் என்ற அறிஞர், தம் மாணவர்களிடம் சில எலிகளைக் கொடுத்து, இவை கெட்டிக்கார வம்சம், இவை மண்டு வம்சம் என்று சொல்லிப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். உண்மையில் எல்லாம் ஒரே வகைச் சாதாரண எலிகள். பெயர்ச்சீட்டு மட்டுமே வேறு. கெட்டிக்கார எலி என்று நம்பியவர்களின் எலிகள் நன்றாக ஓடின. மண்டு என்று நம்பியவர்களின் எலிகள் பின்தங்கின. இது 1963-ல் வெளிவந்தது. அதன்பின் அவர், லெனோர் ஜேக்கப்சன் என்ற பள்ளித் தலைமையாசிரியையுடன் சேர்ந்து ஒரு தொடக்கப்பள்ளியில் இதையே செய்தார். ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பொறுக்கி, இவர்கள் இவ்வாண்டு நன்றாக மலரப்போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். ஆண்டு முடிவில், குறிப்பாக முதலிரண்டு வகுப்புகளில், அப்பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்ததாக 1968-ல் அவர்கள் எழுதினார்கள். அந்த ஆய்வின் முறையைக் குறைகூறியவர்கள் உண்டு. பின்னர் வந்த ஆய்வுகளில் இதன் விளைவு சிறிதாகவே தெரிந்தது. ஆனாலும் சிறிது என்பது இல்லை என்றாகாது. எந்தப் பிள்ளையைப் பார்த்து நான் கேள்வி கேட்கிறேன், எந்தப் பிள்ளையின் விடைக்காகக் கூடுதலாக ஒரு கணம் காத்திருக்கிறேன் என்று ஒரு வாரம் நானே ஒரு தாளில் குறித்துப் பார்த்தேன். அந்தத் தாளை யாரிடமும் காட்டவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எலி எப்படி ஓடியது என்பது பற்றியே. மண்டைக்குள் என்ன நடந்தது?

மீண்டும் பெர்க்லிக்கு வருவோம். அங்கே கிரெச், ரோசன்வைக், பென்னட் ஆகிய மூவர், கற்கும்போது மூளையின் இரசாயனத்தில் மாற்றம் உண்டாகிறதா என்று 1950களிலிருந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் மேரியன் டயமண்ட் என்ற உடற்கூற்றியல் அறிஞர் அவர்களோடு சேர்ந்தார். ஒரே தாய் ஈன்ற எலிகளைப் பிரித்து, பன்னிரண்டை ஒரு பெரிய கூண்டில் விளையாட்டுப் பொருள்களோடும், வேறு சிலவற்றைத் தனித்தனிச் சிறு கூண்டுகளிலும் வைத்தார்கள். விளையாட்டுப் பொருள்களை நாள்தோறும் மாற்றினார்கள். 80 நாள் கழித்து மூளைகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, உருப்பெருக்கியின் கீழ் வைத்து அளந்தார் டயமண்ட். பெருமூளையின் மேலே போர்வைபோல் கிடக்கும் புறணி என்ற பகுதி, பொருளோடும் தோழரோடும் வளர்ந்த எலிகளில் தடிப்பாக இருந்தது. வேறுபாடு ஏறத்தாழ 6 விழுக்காடு. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் வாழும் வாழ்க்கை மூளையின் உடலையே மாற்றும் என்பதற்கு அளவுகோலில் கிடைத்த சான்று அது. 1964-ல் இதனை வெளியிட்டார்கள்.

மறு ஆண்டு ஒரு மாநாட்டில் டயமண்ட் இதைப் பேசியபோது, அவையிலிருந்து ஒருவர் எழுந்து, மூளை மாறவே மாறாது என்று உரக்க மறுத்தாராம். மன்னிக்க வேண்டும், முதற் சோதனையும் இருக்கிறது, அதைத் திரும்பச் செய்த இரண்டாம் சோதனையும் இருக்கிறது, இரண்டும் மாறும் என்றே காட்டுகின்றன என்று அம்மையார் விடை சொன்னாராம். அவரே பிற்காலத்தில் இதைப் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். பின்னாளில் கிழட்டு எலிகளிடமும் சோதித்து, அவற்றின் மூளையும் மாறுகிறது என்று கண்டார். ஐன்ஸ்டைனின் மூளைத் துண்டுகளை 1985-ல் ஆராய்ந்தவர் என்றால் உலகம் அவரை உடனே அறிந்துகொள்ளும். எனக்கென்னவோ அந்த எலிகளே பெரிய செய்தியாகத் தோன்றுகின்றன.

இனி, இதே பல்கலைக்கழகத்தில், ஏறத்தாழ இதே ஆண்டுகளில், மூளை ஆய்வோடு தொடர்பே இல்லாத இன்னொருவர் கதை. ராபர்ட் கார்ப்ளஸ் என்பவர் பௌதிக விஞ்ஞானி. 1927-ல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்தபோது தப்பி வந்தவர். 1954-ல் பெர்க்லிக்கு வந்தார். இரண்டாம் வகுப்பில் படித்த அவருடைய மகள், 1950களின் பிற்பகுதியில் ஒருநாள், தன் வகுப்புக்கு வந்து அறிவியல் பேசும்படி அப்பாவை அழைத்தாள். அவரும் கையால் சுற்றினால் மின்பொறி பறக்கும் ஒரு யந்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். பொறி பறந்தது, பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். ஆனால் தாம் சொன்னது அவர்களுக்கு உண்மையிலேயே விளங்கியதா என்ற ஐயம் அவரை விடவில்லை. தொடர்ந்து வகுப்புகளுக்குப் போய்ப் பாடம் நடத்தினார். பிள்ளைகள் வெறும் பாத்திரங்களாக இல்லை, உலகத்தைப் பற்றித் தங்களுக்கென்று ஒரு விளக்கத்தோடுதான் வந்து உட்காருகிறார்கள் என்பதைக் கண்டார். சுவிட்சர்லாந்தில் குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்துவந்த பியாஜே என்ற பேரறிஞரின் கருத்துகளையும் கற்றார்.

1957 அக்டோபர் 4-ஆம் நாள் ரஷ்யா ஸ்புட்னிக்கை வானில் ஏவியிருந்தது. அதனால் அரண்டுபோன அமெரிக்க அரசு, பள்ளிகளின் அறிவியல் கல்விக்குப் பணத்தைக் கொட்டியது. அந்தக் காலத்தில் பிறந்ததுதான் கார்ப்ளஸ் தலைமையில் நடந்த தொடக்கப்பள்ளி அறிவியல் பாடத்திட்ட மேம்பாட்டு ஆய்வு. அவர்கள் அனுப்பியது பாடப்புத்தகத்தை மட்டுமன்று, பெட்டி பெட்டியாகப் பொருள்களை. ஒரு பாடத்தைச் சொல்கிறேன். பிள்ளைகள் கண்ணாடித் தொட்டியில் மீன், நத்தை, நீர்ச்செடி விட்டு வளர்க்கிறார்கள். நாளடைவில் தண்ணீர் பச்சையாகிறது. அடியில் கறுப்பாக ஏதோ படிகிறது. ஒரு மீன் இறந்துபோகிறது. யாரும் விளக்கம் சொல்வதில்லை. பிள்ளைகளே ஏன், எதனால் என்று கேட்டுச் சண்டையிட்டு, தொட்டியை வெயிலிலும் நிழலிலும் மாற்றி வைத்துப் பார்க்கிறார்கள். அதன் பிறகுதான் ஆசிரியர் பாசி, கழிவு, வாழிடம் என்ற சொற்களைத் தருகிறார். சொல் கிடைத்தபின், அச்சொல்லை வேறோர் இடத்தில் பொருத்திப் பார்க்கிறார்கள். இந்த மூன்று படிகளையும் கார்ப்ளஸ் 1967-ல் ஹெர்பர்ட் தியர் என்பவருடன் எழுதிய நூலில் விளக்கினார். முதலில் துழாவுதல், பிறகு சொல்லும் கருத்தும் பெறுதல், பிறகு புது இடத்தில் கண்டுபிடித்தல். இன்று உலகெங்கும் ஆசிரியர் பயிற்சியில் கற்றல் சுழற்சி என்று பேசப்படுவதற்கு இது ஒரு முக்கிய வேர்.

நம் வழக்கம் இதற்கு நேர் தலைகீழ். சொல்லை முதலில் கரும்பலகையில் எழுதுவோம், பிள்ளை பத்து முறை எழுதும், பொருள் கடைசிவரை வருவதில்லை. நான் தொடக்கப்பள்ளியில் படித்த காலத்தில் அறிவியல் தனிப்பாடமாகவே இல்லை. 1983-ல் நாடு முழுவதும் வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில், மேல்வகுப்புகளுக்கு அலாம் டான் மனுசியா என்ற பெயரில் அறிவியலும் வரலாறும் புவியியலும் ஒன்றாகக் கலந்து வந்தன. அமிலம் என்ற சொல்லை நான் மனப்பாடம் செய்தது நன்றாக நினைவிருக்கிறது. அன்று காலையில்கூட அப்பா பால் கொட்டகையில் பாலில் 'ஆசிட்' ஊற்றிக் கட்டியாக்கியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டும் ஒன்று என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கார்ப்ளஸ் வழியில் அந்தப் பாடத்தை இப்படிச் செய்யலாம். பெரியவர் ஒருவர் மேற்பார்வையில் ஒரு கரண்டி மாட்டுப்பாலில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து பார்க்கட்டும். பால் திரிவது தெரியும். இன்னொரு கரண்டிப் பாலில் உப்புநீர், மற்றொன்றில் சீனித்தண்ணீர். எது திரித்தது, எது திரிக்கவில்லை? கொட்டகையில் ரப்பர்ப் பால் உறைவதைத் தூரத்தில் நின்று பார்க்கட்டும். மரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பெறும்பு, மலாய்க்காரர் கெரெங்கா என்பார்களே, அது கடித்த இடம் ஏன் எரிகிறது என்று கேட்கட்டும். இத்தனைக்கும் பிறகு அமிலம் என்ற சொல்லைக் கொடுங்கள். கெரெங்கா பீய்ச்சுவதும், ரப்பர்ப் பாலை உறைய வைக்கப் பயன்படுவதும் பார்மிக் அமிலம் என்ற ஒரே பொருள்தான் என்று அப்போது சொன்னால், வகுப்பு வாய்பிளந்து கேட்கும். கொட்டகை அமிலத்தை மட்டும் பிள்ளைகள் தொடவே கூடாது. அது தோலைச் சுட்டுவிடும், கண்ணில் பட்டால் ஆபத்து.

இத்தகைய பொருள்வழிப் பாடத்திட்டங்கள் பலன் தந்தனவா என்று பின்னர் அமெரிக்காவில் கணக்குப் பார்த்தார்கள். 1983-ல் வெளிவந்த ஒரு தொகுப்பு, 105 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, புதிய திட்டங்களில் படித்த மாணவர்கள் பழைய முறையில் படித்தவர்களைவிட மேலாகச் செய்தார்கள் என்று கூறியது. அதற்குள் பல பள்ளிகளில் பெட்டிகள் காலியாகிவிட்டிருந்தன. தீர்ந்த பொருளை மறுபடி வாங்கி நிரப்ப ஆளில்லை, பணமும் இல்லை. பெட்டியை அனுப்பிய வேகத்தில் ஆசிரியர்களைப் பழக்கவில்லை. நம் பள்ளிக் கிடங்குகளில் பூட்டிக் கிடக்கும் பெட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிய கதையன்று.

பெர்க்லி வளாகத்துக்கு மேலே ஒரு குன்றில் லாரன்ஸ் அறிவியல் மண்டபம் என்ற ஒரு கட்டடம் 1968-லிருந்து இருக்கிறது. கார்ப்ளஸின் பாடத்திட்ட வேலை நடந்த இடம் அது. அவர் 1990-ல் காலமானார். அதே 1990-ல் அம்மண்டபத்தின் இயக்குநர் பொறுப்பை ஏற்றவர், எலி மூளையை அளந்த அதே மேரியன் டயமண்ட். மூளை மாறும் என்று காட்டியவர், பிள்ளைகளின் அறிவியல் பொருள்கள் உருவாகும் வீட்டுக்கே தலைவியானார். அங்கே 1988-ல் தொடங்கப்பட்டிருந்த பாஸ் என்ற பொருட்பெட்டி அறிவியல் திட்டம் பின்னர் அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றுக்குப் பரவியது.

மூளை ஆய்வையும் பள்ளிப் பாடத்தையும் இணைக்கும் முயற்சிக்கு மூளைவழிக் கற்றல் என்று பெயர் வந்ததும் ஏறக்குறைய இக்காலத்தில்தான். லெஸ்லி ஹார்ட் என்பவர் 1983-ல் வெளியிட்ட நூல் இதற்கு ஒரு தொடக்கம். பெயர் பிடித்தது. பிடித்த பெயரை வியாபாரிகளும் பிடித்துக்கொண்டார்கள். 1993-ல், கல்லூரி மாணவர்கள் மோசார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்டபின் ஒருவகைப் புதிரில் சற்று மேலாகச் செய்தார்கள், அந்தப் பலனும் கால்மணி நேரம்தான் நின்றது என்று ஒரு சிறு கட்டுரை வந்தது. அதில் கைக்குழந்தை எதுவும் இல்லை. ஆனால் 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்டார். இடப்பக்க மூளைக்காரன், வலப்பக்க மூளைக்காரன் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் பேச்சும் இப்படித்தான். ரோஜர் ஸ்பெரி, மூளையின் இருபாதிகளையும் இணைக்கும் பாலம் அறுக்கப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 1981-ல் நோபெல் பரிசு பெற்றார். அந்தப் பாலம் அறுபடாத நம் பிள்ளைகள் எல்லா வேலைக்கும் இரண்டு பாதிகளையும் பயன்படுத்துகிறார்கள். மூளையில் பத்து விழுக்காட்டைத்தான் பயன்படுத்துகிறோம் என்பதும் வெறும் கதை. ஜான் புரூயர் என்ற அறிஞர் 1997-ல், மூளை ஆய்விலிருந்து நேராக வகுப்பறைக்குப் பாலம் போடுவது எட்டாத தூரம் என்று எச்சரித்தார். 2002-ல் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பும் இத்தகைய கட்டுக்கதைகளுக்கு மூளைப் புராணங்கள் என்று பெயரிட்டுப் பட்டியல் போட்டது.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்தில் ஒரு மண்டபத்தில், பிள்ளைகளின் விரல்ரேகையை எடுத்து மூளைத்திறனைச் சொல்லுகிறோம் என்று ஒரு கூட்டம் நடந்தது. செம்பனைக் குலை வெட்டும் ஒரு தந்தை, இரண்டு வார 'ஓட்டி' காசைக் கொடுத்து, வண்ணத் தாளில் அச்சடித்த அறிக்கையோடு வந்தார். மகளுக்கு அறிவியல் வராது என்று அதில் எழுதியிருந்தது. "உண்மையா, சார்?" என்று கேட்டார். டிரையனின் எலிகளுக்காவது ஒரு புதிர்ப்பாதையில் ஓடிக்காட்டும் வாய்ப்புக் கிடைத்தது. இந்தப் பிள்ளையை ஒரு சந்தில்கூட விடாமலே பட்டம் கொடுத்துவிட்டார்கள். விரல்ரேகையில் படிப்பு இல்லை, ஐயா என்று சொன்னேன். பணம் திரும்பி வரவில்லை. அந்த அறிக்கையை மகள் பார்க்காமல் எடுத்து வைக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அப்படியானால் காசில்லாமல் வீட்டில் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா என்று கேட்பீர்கள். ஒன்று உறுதியாகச் சொல்லலாம். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே, தம்மையே சோதித்து, படித்தது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக மறந்துபோவதையும், இடைவெளி விட்டுப் படித்தால் நிலைப்பதையும் காட்டினார். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர், சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் இரு அறிவியல் பகுதிகளைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஒரு பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள். மற்றதை ஒருமுறை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது இரண்டு முறை படித்ததே முந்தியது. ஒரு வாரம் கழித்தோ, இரண்டு முறை படித்ததில் 42 விழுக்காடும், மூடிவைத்து எழுதியதில் 56 விழுக்காடும் நினைவில் நின்றன. அவர்கள் கல்லூரி மாணவர்கள்தாம். ஆனால் பிள்ளைகளிடமும் இது பலமுறை உறுதிப்பட்டிருக்கிறது. ஆகவே, "புத்தகத்தை எடுத்துப் படி" என்பதோடு நில்லாமல், "புத்தகத்தை மூடிவிட்டு எனக்குச் சொல்லு" என்று இரவுச் சாப்பாட்டின்போது கேளுங்கள். நீங்கள் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. பிள்ளை சொல்வது விளங்கவில்லையென்றால் இன்னும் நல்லது, விளங்கும்வரை கேளுங்கள்.

டயமண்ட் அம்மையார் 2017-ல், தமது 90-ஆம் வயதில் காலமானார். மூளை வளர்வதற்கு நல்ல உணவு, உடலுழைப்பு, சவால், புதுமை, அன்பு என ஐந்தைச் சொல்லி வந்தார். நாள்தோறும் மாற்றாவிட்டால் அந்த விளையாட்டுப் பொருள்களும் எலிகளுக்குச் சலித்துவிடும் என்பது அவருடைய அனுபவம். ஆய்வாளர்கள் சிலர் கேட்ட கேள்வி ஒன்றும் உண்டு. பொருள் நிறைந்த கூண்டு மூளையை வளர்த்ததா, அல்லது வெறுங்கூண்டு அதனைத் தேய்த்ததா? எலி இயற்கையில் வாழும் இடம் எந்தக் கூண்டைவிடவும் வளமானதாயிற்றே?

பெர்க்லிக் குழுவினர் அதையும் சோதித்தார்கள். ரோசன்வைக், பென்னட், டயமண்ட் மூவரும் 1972-ல் எழுதிய கட்டுரையில் அது வருகிறது. சில எலிகளைக் கூண்டிலிருந்து எடுத்து, வெளியே மண்ணும் செடியும் உள்ள வேலியிட்ட நிலத்தில் விட்டார்கள். அந்த எலிகளின் மூளை வளர்ச்சி, விளையாட்டுப் பொருள் நிறைந்த கூண்டில் இருந்த உடன்பிறப்புகளையும் விஞ்சியது. இன்னொன்றும் பார்த்தார்கள். அவற்றின் முன்னோர் நூறு தலைமுறைகளுக்கு மேலாக ஆய்வகக் கூண்டிலேயே பிறந்து இறந்தவர்கள். மண்ணைத் தொட்டதே கிடையாது. ஆயினும் நிலம் நனைந்து மண் இளகியபோது, யாரும் கற்றுக்கொடுக்காமலே அந்த எலிகள் வளை தோண்டத் தொடங்கின.